பிரேக் மிதிக்காமல் விழுப்புரம்

எனக்கு லாரி ஓட்டத் தெரியாது. கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள் ஓட்டுவேன், ஏறுவதற்கு ஒரு கல்லும் இறங்குவதற்கு ஒரு சுவரும் கிடைத்தால். இந்தத் தகுதிகளை வைத்துக்கொண்டு 'கனரக லாரிகளில் டீசல் சிக்கனம்' என்று நான்கு பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதினேன். எழுதியதுகூடப் பெரிதில்லை. அதை ஒருவர் படித்து நம்பிவிட்டார்.

நான் அவ்வப்போது எழுதுகிற பத்திரிகைக்கு அந்த வாரம் வரவேண்டிய தொடர்கதை வரவில்லை. கதாநாயகி சாகக் கிடந்த இடத்தில் எழுத்தாளருக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. மாலைக்குள் எதையாவது கொடுங்கள் என்று ஆள் அனுப்பினார்கள். நான் எடைக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் ஒன்று லாரி ஓட்டுநர்களுக்கான கையேடு. முதல் பக்கத்திலிருந்து தமிழ்ப்படுத்த ஆரம்பித்தேன். உப்புச்சப்பில்லாமல் இருந்ததால் நானே கொஞ்சம் தாளித்தேன். 'ஆக்சிலேட்டரை, தூங்குகிற குழந்தையின் நெற்றியில் கை வைப்பதுபோல் மிதிக்க வேண்டும்' என்றேன். 'பிரேக் பிடிக்கிறவன் தான் எரித்த டீசலைத் தானே மிதித்து அணைக்கிறான்' என்றேன். கடைசியில் இரண்டு வரி இடம் மிச்சமிருந்தது. 'இயற்கை தருகிற எந்த உதவியையும் நல்ல ஓட்டுநர் மறுக்கலாகாது' என்று முடித்தேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது. பின்னால் விழுப்புரத்தில் தெரிந்துகொள்ள நேர்ந்தது.

ஒரு காலையில் திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டு வாசலில் ஒருவர் வாழைத்தாரோடு வந்து நின்றார். வாசல்கதவின் அகலம் அவருக்குச் சரியாக இருந்தது. பெயர் தனகோட்டி. விழுப்புரத்தில் இரண்டு பழைய லாரிகளுக்குச் சொந்தக்காரர். மூன்றாவதாகப் புது லாரி ஒன்று வாங்கியிருக்கிறார். சட்டைப்பையிலிருந்து என் கட்டுரையை எடுத்துக் காட்டினார். விபூதி மடித்த காகிதம்போல் மடிப்பெல்லாம் தேய்ந்திருந்தது.

அவரிடம் இரண்டு ஓட்டுநர்கள், ஏழுமலை, முனுசாமி என்று. புது லாரியை யாருக்குக் கொடுப்பது என்று புரியாமல் தூக்கம் கெட்டிருந்த சமயத்தில் கட்டுரை கண்ணில் பட்டதாம். இரண்டு பழைய லாரியிலும் ஒரே அளவு மல்லாட்டை மூட்டை ஏற்றி, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை ஓட்டச் சொல்வது. எவன் குறைவாக டீசல் எரிக்கிறானோ அவனுக்குப் புதுவண்டி. தீர்ப்புச் சொல்ல நான் வரவேண்டும்.

நான் மறுத்தேன். என் மனைவி உள்ளேயிருந்து, "போய்ட்டுத்தான் வாங்களேன். ரெண்டு மூணு நாள் வீடு அமைதியா இருக்கும்" என்றாள். ஆகவே கிளம்பினேன். தாம்பரத்துக்குத் தெற்கே உள்ளதெல்லாம் எனக்கு வெளிநாடு என்பதைச் சொல்லிவிடுகிறேன். கடல் கடந்து போனவர்கள் எழுதிய புத்தகங்களை நிறையப் படித்திருக்கிறேன். அவர்கள் யாரும் போன இடத்தில் லாரிக்குத் தீர்ப்புச் சொன்னதில்லை.

போகிற வழியில் செங்கல்பட்டில் பஸ்ஸை நிறுத்திவிட்டு அதன் ஓட்டுநர் காபி சாப்பிடப் போனார். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. 'நின்ற வண்டியில் ஓடுகிற இஞ்சின், ஆளில்லாத வீட்டில் எரிகிற அடுப்பு' என்று என் கட்டுரையில் ஒரு வரி உண்டு. எழுதியவன் சும்மா இருக்கலாமா? இறங்கிப் போய் எடுத்துச் சொன்னேன். மரியாதை தெரிந்த மனிதர்; வந்து அணைத்தார். பிறகு வண்டி கிளம்பவில்லை. பாட்டரி போன வண்டியாம். அதனால்தான் அணைக்காமல் வைத்திருந்தாராம். ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினார்கள். நான் ஒரு அம்மாளின் கோழிக்கூடையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். கோழிகள் உட்பட அனைவரும் என்னைப் பார்த்த பார்வை திண்டிவனம் வரை மாறவில்லை.

திண்டிவனத்தில் நல்ல இட்லி கிடைக்கிறது. தொட்டுக்கொள்ள வந்த சட்னி எதில் அரைத்தது என்று கேட்டேன். மல்லாட்டை என்றார் பரிமாறியவர். ஓகோ, வேர்க்கடலையா என்றேன். "அதெல்லாம் இங்க இல்லீங்க, மல்லாட்டைதான் போடுறோம்" என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார். எங்கள் தெருவில் கூம்புக் காகிதத்தில் எண்ணிப் போடுகிற பொருள் இங்கே மண்டிக்கு மண்டி மலையாகக் கிடந்தது. அதன் மேல் ஆட்கள் ஏறி நடந்தார்கள்.

மண்டி வாசலில்தான் இரண்டு லாரிகளையும் பார்த்தேன். இரண்டுக்கும் கதவுகள் இல்லை. தேவையில்லாத பாரம் ஏற்றாதீர்கள் என்று நான் எழுதியிருந்ததை தனகோட்டி நிறைவேற்றியிருந்தார். கதவு போயிற்று, பக்கக் கண்ணாடி போயிற்று, ஸ்டெப்னி டயர் போயிற்று. சாமி படத்தை மட்டும் எடுக்கமாட்டோம் என்று ஓட்டுநர்கள் நின்றதால் சமரசம் ஏற்பட்டு, சட்டத்தையும் கண்ணாடியையும் கழற்றிவிட்டு மயிலம் முருகனை வெறும் காகிதமாக ஒட்டியிருந்தார்கள். தூங்குகிற குழந்தையைச் செருப்புக்காலோடு தொடலாமா என்று ஓட்டுநர்களின் செருப்புகளையும் பறிமுதல் செய்திருந்தார். காற்று குறைந்த டயர் டீசலைத் தின்னும் என்ற வரிக்காக டயர்களில் அடித்திருந்த காற்றை நான் மறுநாள் என் முதுகெலும்பில் உணர்ந்தேன். இவ்வளவையும் செய்த தனகோட்டி, தானும் ஒரு லாரியில் ஏறி வரப்போவதாகச் சொன்னார். அவருடைய பாரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. என்னுடையதைப் பற்றியும்தான்.

சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் ஏழுமலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். நான் அவருடைய வண்டியில் வருவதாக ஏற்பாடு. டீயை ஆற்றிக்கொண்டே தன் பிரச்சினையைச் சொன்னார்.

அவர் மனைவி அஞ்சலை தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள். பையன் பிறந்து ஐந்தாவது மாதம். நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. தாயையும் பிள்ளையையும் திண்டிவனத்துக்கு அழைத்துவர நாள் பார்த்திருக்கிறது. புதுவண்டியில்தான் வந்து அழைத்துப்போவேன் என்று இவர் மாமியார் வீட்டு வாசலில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். அதைக் கேட்ட அஞ்சலையின் அண்ணன், தாய்மாமன் வண்டியில்தான் பிள்ளை போகும் என்று அதே வாசலில் நின்று பதில் சொல்லிவிட்டார். அந்த அண்ணன்தான் முனுசாமி.

"மச்சான்னு பாக்குறேன் சார். இல்லனா பேசியே தீத்திருப்பேன்" என்றார் ஏழுமலை. "இப்ப இன்னா பண்ணிக்கீறாரு தெரியுமா? நாளைக்கி மாப்ள வராரு, கூட மெட்ராஸ்லருந்து எழுதுறவரு வராரு, விருந்து வைங்கன்னு வூட்டுக்கு ஆள் வுட்டுட்டாரு."

அதில் என்ன கெடுதல் என்று எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். மாமியார் ஊர் விக்கிரவாண்டிக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டின் மேலேயே இருக்கிறது. சமைத்து வைத்துக்கொண்டு குடும்பமே ரோட்டில் நிற்கும். மாப்பிள்ளை இறங்கிச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் பாரவண்டியை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். அதற்கு ஆகிற டீசலில் பந்தயம் போய்விடும். அண்ணன்காரன் அந்த வீட்டுப் பிள்ளை. அவன் கையைக் காட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

"நின்னா வண்டி பூடும் சார். நிக்காம போனா பொண்டாட்டிய அனுப்ப மாட்டாங்க. மாமியார் வூட்டு வாசலத் தாண்டினவன்னு சாவுற வரைக்கும் சொல்லுவாங்க. பேஜாரா கீது. உங்க பொஸ்தகத்துல இதுக்கு ஏதாவது போட்டுக்கீதா?"

கையேடு முழுவதையும் மனதுக்குள் புரட்டினேன். பனி பெய்யும் சாலையில் ஓட்டுவது பற்றி ஒரு அத்தியாயமே இருந்தது. மாமியாரைப் பற்றி அந்த இங்கிலீஷ்காரன் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மறுநாள் காலை இரண்டு லாரியின் டாங்கிலும் டீசலைக் கழுத்துவரை ஊற்றினார்கள். கோடு கிழித்த மூங்கில் குச்சியை விட்டு ஈரம் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துச் சரி என்றேன். எங்கள் வண்டி முதலில் கிளம்பியது. கொஞ்ச நேரம் விட்டு முனுசாமியின் வண்டி, முதலாளியோடு.

ஏழுமலை ஓட்டியதை ஓட்டம் என்று சொல்வதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது. வெறுங்காலால் ஆக்சிலேட்டரைத் தடவினார். சீக்கிரமே மேல்கியருக்குப் போய் அதிலேயே நின்றார். எதிரே ஒரு ஆட்டுமந்தை புள்ளியாகத் தெரியும்போதே காலை எடுத்துவிடுவார். நாங்கள் உருண்டு உருண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் ஆடுகள் கடந்து, மேய்ந்து, திரும்பி வர ஆரம்பித்திருக்கும். ஒரு சைக்கிள்காரர் பக்கத்தில் வந்து, வண்டி ரிப்பேரா என்று விசாரித்தார். இல்லை என்றதும் நம்பாமல் கொஞ்ச தூரம் துணைக்கு வந்தார். அப்புறம் அவருக்கு வேலை இருந்ததால் முன்னால் போய்விட்டார்.

புளியமரங்களின் நிழலில் பயணம் சுகமாகத்தான் இருந்திருக்கும், எனக்கு ஒரு வேலை கொடுக்காமல் இருந்திருந்தால். ஹாரன் அடித்தால் பாட்டரி இறங்கும், பாட்டரியை ஏற்ற இஞ்சின் உழைக்கும், உழைத்தால் டீசல். வேண்டாத ஹாரனைத் தவிருங்கள் என்ற என் வரியிலிருந்து தனகோட்டி இவ்வளவு தூரம் யோசித்து, ஹாரன் ஒயரையே பிடுங்கிவிட்டார். ஆகவே நான்தான் ஹாரன். கதவில்லாத வாசலில் ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, ஒவ்வொரு மாட்டுவண்டிக்கும் "ஓரம், ஓரம்" என்று கத்தினேன். வண்டிக்காரர்கள் எனக்கு ஒதுங்கவில்லை, மாடுகள் ஒதுங்கின. கூட்டேரிப்பட்டைத் தாண்டும்போது என் குரல் கரகரத்தது. அதற்கப்புறம் வந்த வண்டிகளுக்கு வெறும் காற்றுதான் வந்தது.

முற்பகல் முடிகிற நேரத்தில் ரோடு ஓர் ஏரிக்கரை மேல் ஏறியது. உச்சியில் ஏழுமலை இஞ்சினை அணைத்துவிட்டார். கீழே சரிவு, சரிவு முடிகிற இடத்தில் மாமியார் ஊர். ஊர் நீளத்துக்கு ரோடு சமதளம். ஊர் முடிந்ததும் ஆற்றுப்பாலம் வரை மறுபடி நீண்ட சரிவு. அவர் திட்டம் எளிமையானது. இந்தச் சரிவில் வருகிற வேகத்தில் ஊரைத் தாண்டிவிடுவது. தாண்டும்போது உட்கார்ந்தபடியே எல்லோருக்கும் கும்பிடு போடுவது. அடுத்த சரிவைப் பிடித்துவிட்டால் பாலம் வரை டீசலே வேண்டாம். கும்பிடுகிற நேரத்தில் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்று கேட்க நினைத்தேன். குரல் வரவில்லை.

ஊர் வந்தது. சொன்னபடியே குடும்பம் ரோட்டில் நின்றது. மாமனார், சித்தப்பாக்கள், அவர்கள் பிள்ளைகள், கையில் குழந்தையோடு அஞ்சலை. வண்டியின் வேகம் குறைந்தது, குறைந்தது, மனிதர் நடக்கிற வேகத்துக்கு வந்தது. அடுத்த சரிவு இன்னும் தூரத்தில் இருந்தது. குடும்பத்தின் முகங்களில் சந்தோஷம்; மாப்பிள்ளை நிறுத்துகிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

"மாமா, நிறுத்தல. நிறுத்தினா புதுவண்டி பூடும்" என்றார் ஏழுமலை. அவர் குரல் கெஞ்சியது.

மாமனார் நடந்துகொண்டே விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்ததும் துண்டை இடுப்பில் கட்டினார். எல்லோரும் வண்டியின் பின்னால் போனார்கள். ஒரு குலுக்கல், லாரி நிற்காமல் நகர்ந்தது.

சாப்பாட்டை வண்டிக்குக் கொண்டுவர வேண்டியதுதான் பாக்கி. இங்கே ஒரு சிக்கல். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் மாமியார் மாப்பிள்ளைக்கு நேர் எதிரே வருவதில்லை. நேராகப் பேசுவதும் இல்லை. ஆகவே அந்த அம்மாள் ஏழுமலை பக்கம் போகாமல், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு என் பக்கமாக நடந்து வந்தார். கதவு இல்லாதது எவ்வளவு வசதி என்று அப்போது தெரிந்தது. கேப்பைக் களிச் சட்டியை என் மடியில் வைத்தார். அதன் மேல் கருவாட்டுக் குழம்புக் கிண்ணத்தை வைத்தார்.

"மாப்ளைய சாப்பிடச் சொல்லுங்க ஐயா" என்றார் என்னிடம்.

மாப்பிள்ளை எனக்கு ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் திரும்பி, காற்றுக்குரலில், சாப்பிடச் சொல்கிறார்கள் என்றேன்.

"கேட்டுச்சுன்னு சொல்லுங்க. கை ஸ்டியரிங்ல கீதுன்னு சொல்லுங்க" என்றார் அவர்.

அதையும் சொன்னேன். அம்மாள் யோசித்துவிட்டு, "அப்படின்னா நீங்களே ஊட்டிவுடுங்க" என்றார்.

நாடு நாடாகப் போனவர்கள் எழுதிய எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு நிலைமையை நான் படித்ததில்லை. ஓடாத இஞ்சினோடு ஓடுகிற லாரியில், முன்பின் தெரியாத ஓர் ஓட்டுநருக்குக் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்து வாயில் போட்டேன். இடையில் அவர் இளைத்துப்போய்விட்டார் என்ற செய்தியை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கமும், அத்தை உடம்பு எப்படி என்ற விசாரணையை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கமும் கொண்டுபோனேன். நடுநடுவே எனக்கும் ஓர் உருண்டை. திருவல்லிக்கேணியில் இப்படிக் கருவாட்டுக் குழம்பு கிடையாது என்பதை நேர்மையாகச் சொல்கிறேன். குழம்பு தீர்ந்ததும் அம்மாளும் புடவையைச் செருகிக்கொண்டு பின்னால் தள்ளப் போய்விட்டார். அதற்கப்புறம் வண்டியின் வேகம் கொஞ்சம் கூடியதாகவே எனக்குத் தோன்றியது.

அஞ்சலை இப்போது என் பக்கம் வந்தாள். "அப்பன ஒரு தபா பாக்கட்டும்" என்று சொல்லி, சட்டியைத் தான் வாங்கிக்கொண்டு, பிள்ளையை என் மடியில் வைத்தாள். கொழுகொழுவென்ற பையன். தந்தையைப் பார்க்கவில்லை, என் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தான்.

அந்த நேரத்தில்தான் ரோடு சரிந்தது.

பின்னால் தள்ளியவர்கள் ஓவென்று கத்தினார்கள். அது வெற்றிக் கூச்சல். வண்டி அவர்கள் கையை விட்டு நழுவி, அஞ்சலையைத் தாண்டி, தானாகப் போக ஆரம்பித்தது. ஏழுமலை முகமெல்லாம் மலர்ந்து, "போவுது சார், போவுது" என்றார். அவர் பார்வை முன்னால் ரோட்டின் மேல் இருந்தது. அஞ்சலை பிள்ளையை எப்போதோ திருப்பி வாங்கியிருப்பாள் என்று அவர் நினைப்பு. நான் ஒரு கையால் கயிற்றையும் ஒரு கையால் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு, வண்டியை நிறுத்து என்று என்னால் ஆனமட்டும் கத்தினேன். காலையிலிருந்து மாட்டுக்கெல்லாம் செலவழித்த குரல் அது. ஒரு சத்தமும் வரவில்லை. பையன் என் முயற்சியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு அவனே அழுதான். பிடுங்கமுடியாத ஹாரன்.

ஏழுமலை திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டதால் வாசல் வழியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார். அஞ்சலை ரோட்டில் முடி அவிழ்ந்து ஓடிவந்துகொண்டிருந்தாள். தலையை உள்ளே இழுத்து, முன்னால் பார்த்தார். ஆற்றுப்பாலம் வரை அழகான, காலியான, இலவசமான சரிவு. அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை என்று எழுத ஆசைதான். யோசித்தார். ஒரு கணம். பிறகு இரண்டு வெறுங்காலையும் தூக்கி பிரேக்கின் மேல் ஏறி நின்றார். இஞ்சின் அணைந்த லாரியின் பிரேக் லேசில் இறங்காது. அவர் சீட்டை விட்டே எழுந்துவிட்டார். மூட்டைகள் முன்னால் சரிந்து மோதின. மயிலம் முருகன் ஒரு ஓரம் பிய்ந்து தொங்கினார். வண்டி நின்றது.

அவர் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு, சுற்றி வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறி ஓடினார். பாதி வழியில் அஞ்சலையிடம் கொடுத்தார். அவள் திட்டினாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

இந்தச் சமயத்தில் முனுசாமியின் லாரி ஊருக்குள் வந்தது. தங்கை ரோட்டில் அழுகிறாள், மாப்பிள்ளையின் வண்டி குறுக்கே நிற்காத குறையாக நிற்கிறது. அவர் இன்னதென்று யோசிக்காமல் கிறீச்சென்று பிரேக் அடித்து, இஞ்சின் ஓட ஓடக் குதித்து இறங்கி ஓடிவந்தார். பிள்ளையை வாங்கிக் கை கால் எல்லாம் தடவிப் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்தது. அதற்கப்புறம்தான் அவருக்கு மற்றதெல்லாம் கண்ணில் பட்டது: காலியான களிச்சட்டி, வியர்த்து நிற்கிற சொந்தபந்தம், தாயின் உள்ளங்கையில் லாரிப் புழுதி.

"மாப்ளைக்கி ஊட்டிவுட்டு, வண்டியையும் தள்ளி வுட்டீங்களா? எனக்கும் தள்ளுங்க" என்றார்.

"நீ இந்த வூட்டுப் புள்ள" என்றார் அவருடைய தாய். "உன் வண்டிக்கி இஞ்சின் ஓடிக்கினுதான கீது."

ஓடிக்கொண்டுதான் இருந்தது. தாயும் மகனும் பழைய கணக்கெல்லாம் பேசித் தீர்க்கிற வரை ஓடியது. உள்ளே தனகோட்டி தவித்துக்கொண்டிருந்தார். நின்ற வண்டியில் ஓடுகிற இஞ்சின் பற்றிய என் வரி அவருக்கு மனப்பாடம். ஆனால் அவருக்கு வண்டி வாங்கத் தெரியும், அணைக்கத் தெரியாது. கண்ணில் பட்ட குமிழையெல்லாம் இழுத்துப் பார்த்தார். முன்விளக்கு எரிந்தது.

ஏழுமலை அமைதியாக வந்து ஏறினார். கைப்பிரேக்கை விட்டார். மீதிச் சரிவு வைத்த இடத்தில் அப்படியே இருந்தது. நாங்கள் பாலம் வரை உருண்டு போனோம்.

விழுப்புரத்தில் தனகோட்டியின் ஷெட்டில் புதுவண்டி மாலையோடு நின்றிருந்தது. அதன் முன்னால் இரண்டு பழைய டாங்கிலும் குச்சியை விட்டோம். ஏழுமலை எரித்தது குறைவு, அரைவிரல் அகலம். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தனகோட்டி நியாயஸ்தர். கட்டுரையை எடுத்து விரித்துக்கொண்டார்.

"தள்ளிவுட்டது சேருமா சார்?" என்று கேட்டார். "இயற்கை தர்ற உதவிய வாங்கிக்கலாம்னு எழுதிக்கீறீங்க. காத்து, சரிவு எல்லாம் சரி. மாமியார் இயற்கையில சேர்த்தியா?"

ஷெட்டே என்னைப் பார்த்தது. புதுவண்டி, வெள்ளிக்கிழமை, ஒரு மனிதர் வாசலில் நின்று சொன்ன வார்த்தை, எல்லாம் நான் இடம் நிரப்ப எழுதிய இரண்டு வரியில் வந்து நின்றன. என் குரல் இன்னும் திரும்பியிருக்கவில்லை. தலையை மேலும் கீழும் ஆட்டினேன்.

"இயற்கைன்னா எல்லாருக்கும் பொதுவா இருக்கணுமில்ல?" என்றார் முனுசாமி. "எங்கம்மா சார் அது. எனக்கு ஏன் தள்ளல?"

தனகோட்டி கட்டுரையிலிருந்து நிமிர்ந்தார். "மழைகூடத்தான் எல்லா ஊர்லயும் பெய்யறதில்ல" என்றார். பிறகு அவருக்கே இன்னொன்று நினைவு வந்தது. "ஆனா ஏழுமல பிரேக் புடிச்சானே. அதுக்கு இன்னா சொல்றது?"

முனுசாமிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. அவர் ஏழுமலையைப் பார்த்தார். ஏழுமலை தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது புள்ளைக்கிப் புடிச்சது மொதலாளி, அத வுடுங்க" என்றார் முனுசாமி. "நானும்தான் புடிச்சேன்."

வெள்ளிக்கிழமை காலை புதுவண்டியில் நால்வர் கிளம்பினோம். ஏழுமலை ஓட்ட, முதலாளியும் நானும் பக்கத்தில்; முனுசாமி பின்னால், மருமகனுக்கு வாங்கிய தொட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு. என்னைத் திண்டிவனத்தில் பஸ் ஏற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள்.

மாமியார் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பிரேக்கை ஏழுமலை ஆசைதீர மிதித்தார். எல்லோரும் இறங்கினோம். இஞ்சினை மட்டும் அவர் அணைக்கவில்லை. புது இஞ்சினின் சத்தத்தை ஊர் கேட்கட்டும் என்று விட்டுவிட்டார். காலையில் களி, அதற்கப்புறம் வெற்றிலை, பிள்ளைக்குத் திருஷ்டி கழிப்பது, அஞ்சலை ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு அழுவது, அழுது முடித்தவர்களிடம் மறுபடி சொல்லிக்கொள்வது. வெயில் உச்சிக்கு வந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. ஊர்க்காரர்கள் கூட்டமாக வந்து அதன் மேல் கை வைத்து அதிர்வைப் பார்த்துவிட்டுப் போனார்கள். முந்தின நாள் மிச்சம்பிடித்த அரைவிரல் டீசல் முதல் வெற்றிலையோடு போயிருக்கும்.

தனகோட்டி கயிற்றுக்கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டுரையை எடுப்பார் என்று பயந்தேன். எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். "நல்ல சத்தம் சார்" என்றார்.

இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். குரல் திரும்பியிருந்தது. சாப்பிட்டுக்கொண்டே மனைவியிடம் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னேன். களி ஊட்டியதை, குழந்தையைக் காப்பாற்றியதை, தீர்ப்புச் சொன்னதை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். மோர் ஊற்றும்போது மட்டும் ஒரு சந்தேகம் கேட்டாள்.

"அந்த மாமியார் அம்மாகூட இறங்கித் தள்ளினாங்கன்னு சொன்னீங்களே. நீங்க வண்டியிலேயேவா உட்கார்ந்திருந்தீங்க?"

மடியில் குழந்தை இருந்ததே என்றேன்.

"அதுக்கு முன்னாடி?" என்றாள்.